வீட்டு வரி 110 ரூபாய்: ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வீட்டுக்கு அனுமதி யார் தருவது

கேள்வி இது: "சொந்த ஊரில் 5 சென்ட் மனை வாங்கி வீடு கட்டப் போகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வருடத்துக்கு 110 ரூபாய்தான் வீட்டு வரி கட்டுகிறார். அதை வைத்து ஊராட்சி என்ன செய்ய முடியும்? ஊராட்சிக்குப் பட்ஜெட் என்று ஒன்று உண்டா? கட்டட அனுமதி தருவது பஞ்சாயத்தா, டி.டி.சி.பி.யா?"

2006-இலும் 2011-இலும் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். இப்போதும் வரி ரசீது, மனை விவகாரம் என்று வருகிறவர்களுக்குத் தாள்களைப் பார்த்துச் சொல்கிறேன். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 110 ரூபாய். ரசீதைக் கையில் வாங்கிப் பாருங்கள், 100 ரூபாய்தான் வீட்டு வரி. மீதி 10 ரூபாய் நூலக வரி, ரூபாய்க்கு 10 பைசா. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிப்பது. ஊராட்சி அதை வாங்கி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும், செலவு செய்ய உரிமை கிடையாது. ஊர்ப்பக்கத்து ரசீதுகளில் 44, 55, 88, 132 என்று எல்லாத் தொகையும் 11-ஆல் வகுபடுவது இதனால்தான். எத்தனையோ பேர் வருடா வருடம் கட்டியும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

சரி, அந்த 100 ரூபாயை யார் தீர்மானிப்பது? 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் வீட்டு வரி போடும் அதிகாரம் கிராம ஊராட்சிக்கு இருக்கிறது. குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று அரசு எல்லை வகுத்திருக்கும். அதற்குள் எந்த விகிதம் என்பதை ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டு முடிவு செய்யும். நடைமுறையில் வீட்டின் தளப்பரப்பையும் கூரை என்ன வகை என்பதையும் வைத்துத்தான் கணக்கு: கூரை வீட்டுக்குக் குறைவு, ஓட்டு வீட்டுக்கு அதைவிடக் கூட, காங்கிரீட் வீட்டுக்கு இன்னும் கூட. பெரும்பாலான ஊராட்சிகள் குறைந்தபட்ச விகிதத்தை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் வரியை ஏற்றிய தலைவர் அடுத்த தேர்தலில் அதே தெருவில் ஓட்டுக் கேட்க வேண்டும்.

விகிதத்தைவிடப் பெரிய சிக்கல் பதிவேட்டில் இருக்கிறது. ஒருமுறை ஊராட்சி செயலரோடு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு என் வார்டில் வீடு வீடாகப் போனேன். பதிவேட்டில் "கூரை வீடு" என்று இருந்த ஒரு இலக்கத்தில் மேல்மாடி வரை டைல்ஸ் ஒட்டிய காங்கிரீட் வீடு நின்றது. வரி 22 ரூபாய். வீட்டுப் பெரியவர் எங்களை ஏமாற்றவில்லை, கேட்ட தொகையை வருடா வருடம் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார், ரசீதுகளைக் கூட ஒரு மஞ்சள் பையில் அடுக்கி வைத்திருந்தார். வீடு மாறியதை யாரும் போய்ப் பார்த்து எழுதவில்லை, அவ்வளவுதான். இதற்கு நேர் எதிரும் உண்டு. பத்து வருடத்துக்கு முன்னால் இடிந்து விழுந்த வீட்டின் பெயரில் நிலுவை ஏறிக்கொண்டே போகும். ஊராட்சியில் "கேட்பு, வசூல், நிலுவை" என்று ஒரு பதிவேடு வைத்திருப்பார்கள். ஒரு ஊராட்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஒரு நோட்டைத்தான் காட்டுவார்கள் என்றால் நான் அதைத்தான் கேட்பேன்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 வீடுள்ள ஊர், எல்லாரும் 110 ரூபாய் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலக வரி போக ஊராட்சிக்கு வருடத்துக்கு 60,000 ரூபாய். அதே ஊரில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற 5 எச்.பி. மோட்டார் ஒன்று தினமும் 6 மணி நேரம் ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 22 யூனிட், வருடத்துக்கு 8,000 யூனிட்டுக்கு மேல். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் கூட 64,000 ரூபாய் தாண்டுகிறது. ஆக ஒரே ஒரு மோட்டாரின் கரண்ட் பில்லுக்கு ஊர் மொத்தமும் கட்டும் வீட்டு வரி போதவில்லை. தெருவிளக்கு, தூய்மைப் பணியாளர் சம்பளம், தொட்டி இயக்குபவர் சம்பளம், குழாய் உடைப்பு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் இதற்கு மேல்.

வீட்டு வரி தவிர ஊராட்சிக்குச் சொந்த வருமானம் இன்னும் சில உண்டு. குழாய் இணைப்புக்கு மாதாமாதம் குடிநீர்க் கட்டணம். ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் பள்ளி, கம்பெனி, வங்கியில் வேலை பார்ப்பவர்களிடம் அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி, இதில் ஒருவரிடம் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது. குளத்து மீன் பாசி குத்தகை, சந்தை வசூல், மரம் ஏலம். பத்திரப் பதிவில் வாங்கும் முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வசூலிக்கும் கூடுதல் தீர்வையில் ஒரு பங்கு. நிலம் நிறையக் கை மாறும் ஊரிலும், பெரிய தொழிற்சாலை இருக்கும் ஊரிலும் இந்தத் தொகைகள் நல்லபடி வரும். வானம் பார்த்த பூமியில் இருக்கும் ஊராட்சிக்கு இதெல்லாம் சில ஆயிரங்கள்தான்.

அப்போது ஊராட்சி எப்படி நடக்கிறது? மானியத்தில்தான் நடக்கிறது. இரண்டு முக்கியமான மானியங்கள். ஒன்று மாநில நிதிக்குழு மானியம், மாநில அரசின் சொந்த வரி வருவாயிலிருந்து ஒரு பங்கு, முக்கியமாக மக்கள்தொகையை வைத்துப் பிரித்துத் தருவது. அந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் வந்தது, அதற்கப்புறம் ஊர் எவ்வளவு பெருத்திருந்தாலும் கணக்கில் வராது. இன்னொன்று மத்திய நிதிக்குழு மானியம். 15-ஆவது நிதிக்குழுவின் 2021 முதல் 2026 வரையிலான காலத்தில் இதில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் என்று கட்டிப்போட்டு வந்தது. அதை எடுத்துத் தெருவிளக்குப் போட முடியாது. மீதி 40 சதவீதத்தைத்தான் ஊர் தன் தேவைக்குத் திருப்பிக்கொள்ள முடிந்தது, அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது.

ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்குகள் உண்டு, ஊரில் "ஒண்ணாம் கணக்கு, ரெண்டாம் கணக்கு" என்றே பேசுவார்கள். முதல் கணக்கு பொது நிதி. வீட்டு வரியும் மற்ற சொந்த வருமானமும் மாநில மானியமும் இதில் சேரும், சம்பளமும் பராமரிப்பும் இதிலிருந்து போகும். இரண்டாவது கணக்கு மின் கட்டணத்துக்கும், கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீருக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டும் தொகைக்கும். மானியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே இதில் ஒதுக்கிவிடுவார்கள், இல்லையென்றால் கரண்ட் பில் பாக்கி ஏறிவிடும். மூன்றாவது கணக்கு திட்ட நிதிகளுக்கு. ரோடு, சமுதாயக் கூடம் என்று எந்தத் திட்டத்துக்கு வந்ததோ அதற்கு மட்டும்தான்.

இப்போது உங்கள் பட்ஜெட் கேள்விக்கு வருகிறேன். உண்டு. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் வரவு செலவுத் திட்டம் தயாரித்து ஊராட்சி மன்றத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். கூடவே கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று ஒன்றும் கிராம சபையில் ஒப்புதல் வாங்கித் தயாரிக்க வேண்டும். ஆனால் பணம் வரும்போதே முக்கால்வாசி எதற்கென்று முடிவாகி வருகிறது, சம்பளத்தையும் கரண்ட்டையும் கழித்தால் மன்றத்தில் உட்கார்ந்து "இதைச் செய்வோமா அதைச் செய்வோமா" என்று நாங்கள் உண்மையிலேயே பேசிய தொகை பல வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை. இதனால்தான் வீட்டு வரியை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன். மானியத்தை எங்கே செலவழிப்பது என்பதைச் சென்னையிலும் டெல்லியிலும் எழுதி அனுப்புகிறார்கள், ஊர் தன் இஷ்டத்துக்கு எடுத்துச் செலவு செய்யக்கூடிய காசு பெரும்பாலும் இந்த வரிக்காசுதான்.

ஒரு சித்திரை மாதம் எங்கள் ஊர் மோட்டார் காயில் எரிந்துபோனது. ரீவைண்டிங் கடையில் முன்பணம் கேட்டார்கள். மானியத் தவணை இன்னும் வரவில்லை, பொது நிதியில் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. மூன்று நாள் டிராக்டரில் தண்ணீர் அடித்தோம், பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் செயலர் கேட்பு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு தெருவுக்கு மட்டும் போனார், இரண்டு வருட நிலுவையை வாங்கி வந்தார், மோட்டார் மறுநாள் ஓடியது. அந்தத் தெருவில் ஒருவரும் தகராறு செய்யவில்லை. கேட்டதும் கொடுத்தார்கள். ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

பணத்தை எடுப்பது யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சியின் நிர்வாக அதிகாரம் தலைவரிடம் இருந்தாலும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் தன்னிச்சையாக எடுத்துவிடக் கூடாது என்று வைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் துணைத் தலைவர் கையெழுத்தை நிறுத்தினால் தூய்மைப் பணியாளருக்குச் சம்பளமே நின்றுபோகும். தனித்தொகுதியில் ஜெயித்த பட்டியல் சாதித் தலைவர்களையும் பெண் தலைவர்களையும் இப்படிக் கையெழுத்தை வைத்தே மண்டியிட வைக்கப் பார்த்த ஊர்கள் உண்டு. அந்த மாதிரி நேரத்தில் மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், அவரிடம்தான் போக வேண்டும். தேர்தல் இல்லாத காலத்தில் தனி அலுவலர் பார்ப்பார். 2016-இலிருந்து 2019 டிசம்பர் வரை அப்படித்தான் ஓடியது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் அப்போது நின்றது. 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர் வந்தார்.

கணக்கைக் கேட்கும் இடம் கிராம சபை. முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள், இப்போது மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறு. படிவம் 30 என்று ஊராட்சியின் ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு, அதைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். "பல்பு எத்தனை வாங்கினீர்கள், என்ன விலை, எந்தக் கம்பத்தில் மாட்டினீர்கள்" என்று ஒரே ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டு போனால் போதும். மொத்தமாக "ஊழல்" என்று கத்தினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், கம்ப எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் வந்தே தீரும்.

அப்புறம் உங்கள் வீட்டு விஷயம். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை பொது. கிராமம்தானே, எப்படி வேண்டுமானாலும் கட்டலாம் என்பது தப்பு. உங்கள் மாதிரிச் சின்ன வீட்டுக்கு அனுமதி ஊராட்சியிடமே. 10,000 சதுர அடி, 8 குடியிருப்பு வரையிலான வீடுகளுக்கு உள்ளாட்சிகளுக்கே அதிகாரம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனாலும், பெரிய வணிகக் கட்டடம் என்றாலும் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு இது இன்னும் சுலபம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதோடு முதல் தளம், இந்த அளவுக்குள் இருந்தால் ஆன்லைனில் பத்திரம், பட்டா, வரைபடம் ஏற்றிக் கட்டணம் கட்டியதும் அனுமதி வந்துவிடும். உங்கள் 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி, ஆகவே நீங்கள் இதில் தாராளமாக வருவீர்கள். ஆனால் "சுயசான்று" என்பதன் அர்த்தத்தைப் புரிந்துகொள்ளுங்கள். நான் சொன்னதெல்லாம் உண்மை என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள், தப்பாக இருந்தால் அனுமதி ரத்தாகும், யார் தலையிலும் போட முடியாது. இடைத்தரகர் நிரப்பித் தரட்டும் என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு வரியையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மனை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவ்டு பிளாட்" என்று விளம்பரப் பலகை வைத்து விற்ற காலம் ஒன்று இருந்தது. தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்ப்பும் போட்ட ஒரு வரைபடத்தைக் காட்டுவார்கள். அதை நம்பி ஆயிரக்கணக்கான பேர் வாங்கினார்கள். டி.டி.சி.பி.யின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி தரத் தலைவருக்கு அதிகாரமே கிடையாது. 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்ட பிறகுதான் எத்தனையோ குடும்பங்களுக்குத் தங்கள் கையில் இருப்பது என்ன என்றே தெரிந்தது. 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள், அதாவது அப்படிப்பட்ட மனைகளை அங்கீகாரத்துக்குள் கொண்டுவரும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன்னால் விற்றுப் பதிவான மனைகளுக்குத்தான் அந்த வழி. உங்கள் மனை வரன்முறைப்படுத்தியதா, ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவா, கிராம நத்தமா (ஊர்க் குடியிருப்புக்கென்று உள்ள நிலம்) என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நத்தத்தில் கட்டினாலும் கட்டட அனுமதி வேண்டும்.

மனைப்பிரிவு என்றால் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள், இதை யாருமே கேட்பதில்லை: ரோட்டையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்களா? பெரிய மனைப்பிரிவில் 10 சதவீத இடம் பொது ஒதுக்கீடாக விட வேண்டும். அந்த இடமும் ரோடும் ஊராட்சி பெயருக்கு வரவில்லை என்றால் அங்கே ஊராட்சி ஒரு கூடை ஜல்லி கூடக் கொட்ட முடியாது. தணிக்கையில் "தனியார் நிலத்தில் அரசுப் பணம் செலவு" என்று எழுதிவிடுவார்கள். "பத்து வருடமாக வரி கட்டுகிறேன், ரோடு போடவில்லை" என்று எங்களிடம் சண்டைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை. பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன்.

காலி இடம் விடுவதைப் பற்றி இன்ஜினீயர் சொல்வார். முன்பக்கம் விட வேண்டிய அளவு ரோட்டின் அகலத்தைப் பொறுத்து மாறும், பக்கவாட்டில் மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும். மொத்தத் தளப்பரப்பு மனையைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம் என்றாலும் காலி இடம் விட்டால் அவ்வளவு வராது. நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான், படிக்கட்டையும் கார் ஏறும் சாய்தளத்தையும் உங்கள் மனைக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெரு பதிவில் 20 அடி. ஒவ்வொரு வீடும் இரண்டு படியைத் தெருவில் இறக்கி, இன்று குப்பை வண்டி ஒன்று நிதானமாகப் போகலாம், 108 வந்தால் திரும்ப முடியாது. கழிவுநீர் வாய்க்கால் அந்தப் படிகளுக்கு அடியில் அடைத்துக் கிடக்கிறது. அடைப்பை எடுக்கிற தூய்மைப் பணியாளர் படுத்துக்கொண்டு கையை விட்டு எடுக்கிறார். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலிருந்தே கட்டாயம், பேருக்கு ஒரு குழாய் வைக்காமல் ஒழுங்காகக் குழி எடுத்துக் கட்டுங்கள்.

கட்டி முடித்ததும் நீங்களே போய் வரி போடச் சொல்லுங்கள். பதிவுபெற்ற பொறியாளரின் வரைபடத்தில் இருக்கும் பரப்பைக் காட்டி வரிவிதிப்பு எண் வாங்குங்கள். அந்த வீட்டு வரி ரசீது நிலத்துக்கு உரிமை ஆவணம் ஆகாது என்பதும் நினைவில் இருக்கட்டும், புறம்போக்கில் இருக்கும் வீட்டுக்குக் கூட வரி போட்டு ரசீது தருவார்கள், அதை வைத்து யாரும் நிலம் விற்க வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள். 2023-இலிருந்து வரியை ஆன்லைனிலேயே கட்டலாம், வெளியூரில் இருந்தாலும் சாக்கு இல்லை. பெயர், பரப்பு, கூரை வகை மூன்றும் சரியாக ஏறியிருக்கிறதா என்று முதல் ரசீதிலேயே பார்த்துவிடுங்கள், பிறகு மாற்றுவதற்கு அலைய வேண்டியிருக்கும்.